ஒரு பெருக்கல் குறிக்கு நான்கு எண்கள்

நான் பராமரிக்கும் நூற்பட்டியலில் ஒரு புத்தகம் இருந்தும் இல்லாமல் இருந்தது. கனடாவில் ஒரு நூலகத் தொகுப்பின் தேடல் மென்பொருளைக் கவனித்துக்கொள்வது என் வேலை. அந்தத் தொகுப்பில் க்ரீ, டெனே, இனுக்டிடுட் ஆகிய அந்நாட்டுப் பழங்குடி மொழிகளில் அச்சான நூல்களும் ஓரளவு உண்டு. அவற்றின் தலைப்புகளை ரோமன் எழுத்தில் பதிவதோடு, அந்தச் சமூகங்கள் தாமே எழுதும் அசையெழுத்திலும் பதிந்து வைத்திருக்கிறோம். வாசகர் ஒருவர் அனுப்பிய புகார் சுருக்கமானது: புத்தகம் கையில் இருக்கிறது, அட்டையில் உள்ள க்ரீத் தலைப்பை எழுத்துப் பிசகாமல் தட்டுகிறேன், முடிவுகள் எதுவும் இல்லை என்று வருகிறது, ஆசிரியர் பெயரைத் தட்டினால் அதே புத்தகம் அதே தலைப்போடு வந்து நிற்கிறது. நானும் தட்டிப் பார்த்தேன், அவர் சொன்னபடியேதான் நடந்தது. மேலே தேடல் பெட்டியில் ஒரு சொல், கீழே பதிவில் அதே சொல். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, மென்பொருளுக்கு வேறு வேறு.

இப்படிப்பட்ட புகார் வந்தால் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பின்னால் இருக்கும் யூனிகோடு எண்ணைப் பார்ப்பது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கும் பொதுத் தரநிலைதான் யூனிகோடு. அதன் எண்களைப் பதினாறடிமானத்தில் எழுதுவார்கள், ஆகவே 9க்குப் பின் ஏ முதல் எஃப் வரை ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களாக வரும். தலைப்பின் கடைசிச் சொல் சாகஹிகனிஹ்க். சாகஹிகன் என்றால் ஏரி. 'இஹ்க்' சேர்ந்தால் ஏரியில் என்று பொருள். அசையெழுத்தில் இது ஏழே எழுத்து: சா, க, ஹ், இ, க, னி, கடைசியில் 'ஹ்க்' என்ற இரட்டை மெய்க்கு ஒரேயொரு சிறிய பெருக்கல் குறி. முதல் ஆறும் பொருந்தின. ஏழாவதில் வாசகர் தட்டியது 157டி, பதிவில் இருந்தது 1541. முதலாவதற்கு யூனிகோடு சூட்டியிருக்கும் பெயர் 'கனேடியன் சிலபிக்ஸ் ஹெச்கே'. இரண்டாவதன் பெயர் 'கனேடியன் சிலபிக்ஸ் சயிசி யி'. சயிசி என்போர் மானிட்டோபாவின் வடகோடியில் வாழும் டெனே மக்கள். அவர்களுடைய மொழி க்ரீயோடு எந்த உறவும் இல்லாத வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. க்ரீச் சொல் ஒன்றின் வாலில் டெனே எழுத்து ஒட்டிக்கொண்டு, பார்ப்பவர் எவருக்கும் தெரியாமல், இத்தனை காலமும் பட்டியலில் உட்கார்ந்திருந்திருக்கிறது.

பதிவைத் திருத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருக்கலாம். என்னை நிறுத்தி வைத்தது தமிழ்க் கணிமை வட்டாரத்தில் பல காலமாகக் கேட்டுவரும் ஒரு வாதம். தமிழுக்கு யூனிகோடு இழைத்த பெரும் அநீதி உயிர்மெய்களுக்குத் தனித்தனி இடம் தராததுதான் என்றும், க, கா, கி, கீ என்று 247க்கும் ஒவ்வோர் எண் கொடுத்திருந்தால் தேடல், வரிசைப்படுத்தல், எழுத்து எண்ணிக்கை ஆகிய எல்லாத் தொல்லைகளும் தீர்ந்திருக்கும் என்றும் அந்த வாதம் போகும். 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்து டேஸ்-16 என்ற குறியேற்றத்தையும் ஏற்றுக்கொண்டதற்குப் பின்னால் இருந்த எண்ணமும் இதுவே. இந்த வாதத்தில் எனக்கு ஒருபோதும் மனம் ஒப்பவில்லை. அதே சமயம் அதை முறையாக மறுக்கவும் என்னிடம் சான்று இருந்ததில்லை. இப்போது கண்ணெதிரே ஒரு சான்று. க்ரீ எழுத்துக்கு யூனிகோடு கொடுத்தது தமிழர்கள் கேட்ட அதே வரம்தான்: ஒவ்வோர் அசைக்கும் தனி எண். அந்த வரம் எப்படி நடந்துகொண்டது என்று பார்க்க வேண்டும் எனத் தோன்றியது.

திசையே உயிர்

க்ரீ அசையெழுத்தை முதன்முறை பார்ப்பவருக்கு அது வடிவியல் பயிற்சி ஏடு மாதிரி தோன்றும். முக்கோணங்கள், கொக்கிகள், வளைவுகள், கோணங்கள். அதன் விதியோ ஒரு நிமிடத்தில் பிடிபட்டுவிடும். வடிவம் மெய்யைச் சொல்கிறது, அந்த வடிவம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது உயிரைச் சொல்கிறது. மெய்யில்லாத உயிருக்கு முக்கோணம். கூர் கீழ்நோக்கினால் ஏ, மேல்நோக்கினால் இ, வலப்பக்கம் திரும்பினால் ஒ, இடப்பக்கம் திரும்பினால் அ. ப வரிசைக்கு ஒரு பக்கம் திறந்த கோணம், அதுவும் அதே நான்கு திசைகளில். இப்படி ஒன்பது வரிசை, நான்கு திசை, ஆக மொத்தம் 36 உருவங்கள். நெடிலுக்கு மேலே ஒரு புள்ளி. பலர் அதை இடுவதே இல்லை. அசையின் இறுதியில் வரும் மெய்க்கு எழுத்துக்கு மேலோரமாக ஒரு சிறு குறி: ஒரு கீற்று, ஒரு பிறை, ஒரு சிறு வளையம், அல்லது நம் பெருக்கல் குறி.

இதை 1840இல் மானிட்டோபாவின் நார்வே ஹவுஸில் ஜேம்ஸ் எவான்ஸ் என்ற மெதடிஸ்ட் பாதிரியார் உருவாக்கினார் என்பது நூல்களில் காணும் வரலாறு. பிட்மனின் சுருக்கெழுத்தும் தேவநாகரியும் அவருக்குத் தூண்டுதலாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. ஹட்சன் பே கம்பெனியின் ஆட்சிப் பரப்பில் அச்சகம் என்று ஒன்று இல்லை. தேயிலைப் பெட்டிகளின் உள்ளே ஒட்டப்பட்டிருந்த ஈயத் தகட்டை உருக்கி எழுத்து வார்த்தார், புகைக்கரியையும் மீன் எண்ணெயையும் குழைத்து மை செய்தார், ரோமத் தோல்களைக் கட்டாக அழுத்தும் பொறியை அச்சுப்பொறி ஆக்கினார் என்று அந்தக் கதை தொடரும். க்ரீ மக்களின் வாய்மொழி மரபு வேறொன்று சொல்கிறது. மிஸ்தனாஸ்கோவேவ் என்ற பெரியவர் ஆவியுலகம் சென்று இந்த எழுத்துகளை மரப்பட்டையில் பெற்றுவந்தார், வெள்ளைக்காரர் அவற்றைப் பின்னர்தான் கற்றுக்கொண்டார் என்பது அது. எது எப்படியாயினும், சில பத்தாண்டுகளுக்குள் பள்ளிக்கூடம் எதுவும் இல்லாமல், கையிலிருந்து கைக்கு, படகிலிருந்து படகுக்கு இந்த எழுத்து ஹட்சன் விரிகுடா முழுவதும் பரவிவிட்டது. ஒஜிப்வே, இனுக்டிடுட், டெனே மொழிகளும் எடுத்துக்கொண்டன. எடுத்துக்கொண்ட ஒவ்வொருவரும் தமக்குத் தேவையானதைச் சேர்த்தார்கள், தேவையற்றதை விட்டார்கள்.

அந்தச் சேர்க்கையில்தான் பெருக்கல் குறி பெருகியது. சமவெளிக் க்ரீயில் அது 'ஹ்க்'. இட உருபில் மட்டும் வருவதல்ல. 'ஏ-கிமிவஹ்க்', அதாவது மழை பெய்கையில், என்பது போன்ற வினைகளிலும் வரும் என்பதால் ஒரு பக்கத்துக்குப் பலமுறை கண்ணில் படும். சயிசி டெனேயில் அதே வடிவம் வேறோர் ஒலி. அசையெழுத்து அச்சில் வாக்கியத்தை முடிக்கும் நிறுத்தக்குறியும் ஒரு சிறிய பெருக்கல் குறியே. புள்ளிக்கு நெடிலைக் காட்டுவது முதலாகப் பல வேலைகள் ஏற்கெனவே இருக்கும் எழுத்தில் அது இயல்பான ஏற்பாடு. நான்காவதாக, பாதிரிமார் நூல்களில் கிறிஸ்துவின் பெயரைச் சுருக்கி எழுதப் பயன்பட்ட சற்றே பெரிய பெருக்கல் குறி ஒன்று. கிரேக்க எழுத்தான 'கை' அதன் மூலம். தாளில் இவற்றால் எவருக்கும் குழப்பம் வந்திருக்க நியாயமில்லை. க்ரீ வாசிப்பவர் க்ரீ நூலில் டெனே ஒலியைத் தேடப்போவதில்லை. சொல்லோடு ஒட்டியிருப்பது மெய், வாக்கியம் முடிந்த இடத்தில் நிற்பது நிறுத்தக்குறி.

வடிவமா, பணியா?

கணினியில் ஏற்றுவதற்கு இந்த எழுத்துகளை ஒரே பட்டியலாக்கும் வேலையைக் கனடாவில் ஒரு குழு செய்தது. அதன் அறிக்கை 1994ஆம் ஆண்டினது. அதை அடியொற்றி, 1999இல் வெளிவந்த யூனிகோடு 3.0இல் 630 எழுத்துகளோடு 'ஒருங்கிணைந்த கனேடியப் பழங்குடி அசையெழுத்து' என்ற தொகுதி இடம்பெற்றது. அதற்கு முன்பு இருந்த நிலை தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையில்லாதது. எழுத்துருவுக்கு ஓர் எண் வரிசை, ஒரு எழுத்துருவில் எழுதியதை மற்றொன்றில் திறந்தால் குப்பை. அந்தக் காலம் முடிந்தது பெரிய நன்மை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

ஒருங்கிணைத்ததன் அடிப்படை ஒலி அல்ல, வடிவம். யூனிகோடு நூலே இதை உருவ அடிப்படையிலான குறியேற்றம் என்று ஒப்புக்கொள்கிறது. க்ரீயில் 'டொ' என்று வாசிக்கும் வடிவத்தை இனுக்டிடுட்டில் 'டு' என்று வாசிப்பார்கள். இரண்டுக்கும் ஒரே எண், பெயர் மட்டும் க்ரீ ஒலிப்படி. இது ஏற்கத்தக்க முடிவுதான். ரோமன் எழுத்திலும் ஒரே எழுத்தை ஸ்பானியர் ஒரு விதமாகவும் ஜெர்மானியர் வேறு விதமாகவும் ஒலிக்கிறார்கள், அதற்காக இரண்டு எண் கொடுப்பதில்லை. அந்த விதிப்படி க்ரீயின் 'ஹ்க்' குறியும் சயிசியின் குறியும் ஒன்றாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. பணியின்படி பிரித்தார்கள் என்றால் 'டொ'வும் 'டு'வும் பிரிந்திருக்க வேண்டும். அதுவும் நடக்கவில்லை. ஒரே பட்டியலுக்குள் இரண்டு நீதி. அச்சு மரபில் அந்த இரு குறிகளின் அளவிலும் உயரத்திலும் நுட்பமான வேறுபாடு இருக்கலாம்; ஆனால் நான் திறந்து பார்த்த எழுத்துருக்களில் 157டியையும் 1541ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, திரையைப் பெரிதாக்கிப் பார்த்தபோதும் என்னால் பிரித்தறிய முடியவில்லை.

பெயர்களிலும் இதே இரட்டைத்தன்மை. க்ரீயின் இறுதி மெய்களில் 'ப்' குறிக்கு யூனிகோடு ஒலியை வைத்து 'வெஸ்ட்-க்ரீ பி' என்று பெயரிட்டது. 'ட்' குறிக்கு உருவத்தை வைத்து 'ஃபைனல் அக்யூட்', அதாவது இறுதிச் சாய்கீற்று. 'க்' குறி எதிர்ப்பக்கம் சாய்ந்த கீற்று. 'வ்' குறி 'ஃபைனல் ரிங்', வளையம். சிறிய கூட்டல் குறி ஒன்றுக்கு 'ஃபைனல் பிளஸ்' என்ற உருவப் பெயர், கண்ணுக்கு அதே போலத் தெரியும் இன்னொன்றுக்கு 'வெஸ்ட்-க்ரீ ஒய்' என்ற ஒலிப் பெயர், இரண்டுக்கும் தனித்தனி எண். க்ரீயில் 'ய்' எழுத வேண்டிய ஒருவர் எதைத் தேர்வார்? எழுத்துப் பட்டியலில் முதலில் கண்ணில் படுவதைத்தான். யூனிகோடில் வைத்த பெயரை மாற்றும் வழக்கம் கிடையாது, கொடுத்த எண்ணைத் திரும்பப் பெறும் வழக்கமும் கிடையாது. ஆகவே இவை இப்படியே தொடரும்.

இதற்கிடையே ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடலாம். கோ நிரல்மொழியில் ஜெனரிக்ஸ் வசதி, அதாவது ஒரே நிரலைப் பல தரவு வகைகளுக்கும் பொதுவாக எழுதும் வசதி, வருவதற்கு முன்பு (வேறு பல மொழிகளில் அதைக் கோண அடைப்புக்குறிக்குள் எழுதுவார்கள்), அது இருப்பது போலப் பாவனை செய்ய ஒரு நிரலாளர் கையாண்ட தந்திரம் இணையத்தில் புகழ்பெற்றது. இடப்பக்கக் கூர் உள்ள 'ப', வலப்பக்கக் கூர் உள்ள 'பொ' என்ற இரண்டு க்ரீ எழுத்துகளும் கோண அடைப்புக்குறிகளைப் போலவே தெரியும். யூனிகோடு கணக்கில் அவை எழுத்துகள், ஆகவே மாறியின் பெயருக்குள் வரலாம். அடைப்புக்குறி வர முடியாது. நிரலைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டது. வடிவம் ஒன்றாக இருந்து பணி வேறாக இருக்கும்போது மென்பொருள் எதை நம்புகிறது என்பது இதில் தெரிகிறது: எண்ணோடு கூட வரும் வகைப்பாட்டை. நம் பெருக்கல் குறிகளிலும் அதே கதைதான். 157டியும் 1541உம் எழுத்து வகை. நிறுத்தக்குறியான 166ஈ நிறுத்தற்குறி வகை. தேடல் அட்டவணை அதைக் கண்டதும் சொல் அங்கே முடிந்தது என்று வெட்டிவிட்டு அதை எறிந்துவிடும். கிறிஸ்துவுக்கான 166டியை முதலில் நிறுத்தற்குறி வகையில் வைத்திருந்தார்கள், பின்னர் சின்னம் என்ற வகைக்கு மாற்றினார்கள். 'ஏரியில்' என்ற சொல்லின் கடைசியில் ஒருவர் தவறி நிறுத்தக்குறியைத் தட்டிவிட்டால், எங்கள் அட்டவணையில் உருபு உதிர்ந்து ஆறெழுத்துத் துண்டு மட்டும் மிஞ்சும்.

புள்ளி யாருடையது?

இதுவரை பார்த்ததை வைத்துக்கொண்டு, அசைக்கு ஓர் எண் என்ற திட்டமே பிழை என்று எழுத உட்கார்ந்திருப்பேன். 'நேஹியவேவின்' என்ற சொல்லை ஆராய்ந்தபோது அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை. க்ரீ மொழிக்கு க்ரீக்காரர்கள் சொல்லும் பெயர் அது. பட்டியலில் ஒரு பதிவில் அந்தச் சொல் ஏழு எழுத்தாக இருந்தது, மற்றொன்றில் ஒன்பது. ஏழெழுத்துப் பதிவில் 'வே'வும் 'வி'யும் ஒவ்வோர் எண். ஒன்பதெழுத்துப் பதிவில் அவை முக்கோணம் ஒன்று, புள்ளி ஒன்று என்று இரண்டிரண்டாகப் பிரிந்திருந்தன. திரையில் வேறுபாடில்லை. நமக்குப் பழக்கமான சிக்கல்தானே, இரண்டெழுத்தாக இருப்பதை ஒன்றாகச் சேர்த்து விடலாம் என்று நினைத்து, முக்கோணத்துக்குப் பின் புள்ளி வந்தால் 'வ' வரிசை என்று ஒரு விதி எழுதினேன். எழுதிய விதியைத் தொகுப்பு முழுவதிலும் ஓட்டிப் பார்த்தபோது ஜேம்ஸ் விரிகுடாவின் கிழக்குக் கரையிலிருந்து வந்த நூல்களின் தலைப்புகள் உருக்குலைந்தன.

காரணம் புள்ளியின் இடம். மெய்க்கும் உயிருக்கும் இடையே வரும் வகரத்தைக் க்ரீயில் ஒரு புள்ளியால் காட்டுவார்கள். மேற்கே சமவெளியில் புள்ளி எழுத்துக்குப் பின்னால் வரும். கிழக்கே அது எழுத்துக்கு முன்னால் வரும். 'இ' முக்கோணம், ஒரு புள்ளி, பிறகு 'க' என்ற மூன்றையும் வரிசையாக வைத்தால் சஸ்காச்சுவானில் அது 'விக'. அதே மூன்றையும் அதே வரிசையில் கியூபெக்கில் வைத்தால் 'இக்வ'. எழுதியவர் எந்த ஊர் என்று தெரியாமல் அந்தப் புள்ளி இடப்பக்கத்து எழுத்துக்குச் சொந்தமா, வலப்பக்கத்து எழுத்துக்குச் சொந்தமா என்று எந்த மென்பொருளாலும் சொல்ல முடியாது. வாசகருக்கு மொழி தெரியும், சொல் தெரியும், கண் தானே சேர்த்துக்கொள்ளும். எண்களுக்கு அந்த அறிவு இல்லை.

இந்த இடத்தில் 630 என்ற எண்ணிக்கையின் பொருள் எனக்குப் புரிந்தது. 'க' வரிசையை எடுத்துக்கொண்டால், வகரம் சேர்ந்த வடிவங்களுக்கு மட்டும், பதினாறடிமானக் கணக்கில், 1474 முதல் 1481 வரை 14 எண்கள்: நெடில்களையும் சேர்த்து ஏழு உயிர்களுக்குக் கிழக்கு வடிவம் ஏழு, மேற்கு வடிவம் ஏழு. 'க்வ' என்று ஒன்று, 'வெஸ்ட்-க்ரீ க்வ' என்று இன்னொன்று. மேலோட்டமாகப் பார்த்தால் வீண் செலவு. உண்மையில் அந்த 14 எண்களும் புள்ளி யாருடையது என்ற தகவலைத் தமக்குள்ளேயே சுமந்து செல்கின்றன. ஊர் பெயர் தெரியாமலே, அகராதி இல்லாமலே சரியாக வாசிக்கலாம். அசைக்கு ஓர் எண் என்ற திட்டம் இந்த ஒரு வேலையை மிக நன்றாகவே செய்திருக்கிறது. குழுவில் இருந்தவர்கள் தங்கள் எழுத்தை அறிந்தவர்கள் என்பதற்கு எனக்கு வேறு சான்று வேண்டாம்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. 'வெஸ்ட்-க்ரீ வே' என்ற ஓரெழுத்தும், 'ஏ' முக்கோணம் அதன்பின் புள்ளி என்ற ஈரெழுத்தும் ஒன்றே என்று யூனிகோடு எங்கும் அறிவிக்கவில்லை. தனிப் புள்ளியும் 1427 என்ற எண்ணோடு அதே தொகுதியில் இருப்பதால், பழைய எழுத்துருக்களில் புள்ளியைத் தனியாகத் தட்டிப் பழகியவர்கள் அப்படியே தட்டிக்கொண்டிருக்கிறார்கள். தமிழில் 'கொ' எழுதும்போது ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாக இட்டாலும், ஒரே குறியாக இட்டாலும், இரண்டும் சமம் என்று தரநிலையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நார்மலைசேஷன், அதாவது சமமான வடிவங்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது, செய்யும் எந்த மென்பொருளும் அவற்றை ஒன்றாக்கிவிடும். நான் தனியாக விதி எழுத வேண்டியதில்லை. க்ரீக்கு அந்த ஒப்பந்தம் 1999இல் செய்யப்படவில்லை, இனிச் செய்யவும் முடியாது. ஒருமுறை நார்மலைஸ் செய்த உரை எதிர்காலப் பதிப்புகளிலும் மாறாது என்று யூனிகோடு பின்னர் உறுதிமொழி கொடுத்துவிட்டது. ஏற்கெனவே உள்ள எழுத்துக்குப் புதிதாகச் சமன்பாடு சேர்ப்பது அந்த உறுதிமொழியை மீறுவதாகும்.

ஆகவே 247 எண் கேட்கும் நண்பர்களிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான். நீங்கள் கேட்கும் திட்டத்தை ஒரு மொழி கால் நூற்றாண்டாகப் பயன்படுத்திவருகிறது. அங்கே எழுத்து எண்ணிக்கை எளிது, வரிசைப்படுத்தலும் ஓரளவு எளிது. அதே சொல் இரண்டு விதமாக உட்கார்ந்துகொண்டு ஒன்றையொன்று அடையாளம் காணாத சிக்கலோ தமிழைவிட அங்கேதான் அதிகம். இன்னொரு விலையும் உண்டு. எல்லாவற்றுக்கும் தனி எண் என்று தொடங்கினால், பட்டியல் போட்டபோது அறையில் இல்லாதவரின் எழுத்து வெளியே நிற்கும். அவர் தன் எழுத்துக்கு மனுப் போட வேண்டும். 2009இல் 80 எழுத்துகளைச் சேர்த்தார்கள். நுனாவுட்டின் நட்டிலிக் மக்களுக்குத் தங்கள் ஒலிகளை எழுதத் தேவையான எழுத்துகள் 2021இல் வந்த யூனிகோடு 14.0 வரை கிடைக்கவில்லை. அந்தப் பதிப்பில் சேர்ந்த 16 எழுத்துகளோடு மொத்தம் 726. 1999க்கும் 2021க்கும் இடையே அம்மொழியில் குறுஞ்செய்தி அனுப்பிய ஒருவர், தன் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வேறெதையோ வைத்துத்தான் அனுப்பியிருக்க முடியும்.

அட்டவணையில் செய்தது

நடைமுறைக்கு வருகிறேன். பதிவுகளில் உள்ள தலைப்புகளை நான் தொடவில்லை. தேடலுக்கென்று தனியாக இருக்கும் அட்டவணையில் மட்டும், சொல் உள்ளே போகும்போதும் வாசகர் தட்டும்போதும் ஒரே விதிகளை ஓட்டினேன். நூலின் மொழி க்ரீ என்று பதிவில் குறித்திருந்தால் 1541, 157டி ஆகிவிடும். மொழி டெனே என்று இருந்தால் 1541 அப்படியே நிற்கும், ஏனென்றால் அங்கே அதுதான் உரிய எழுத்து. இரண்டு கூட்டல் குறிகளும் ஒன்றாகும். நெடில் புள்ளி இட்டதும் இடாததும் ஒன்றாகும். இதைச் செய்யலாமா என்று தயங்கி, க்ரீ பேசும் சக ஊழியர் ஒருவரைக் கேட்டேன். "என் பாட்டி எழுதிய கடிதங்களில் ஒரு நெடில் புள்ளியைக்கூட நான் பார்த்ததில்லை, நீங்கள் அதைக் கட்டாயமாக்கினால் பாட்டியால் உங்கள் நூலகத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியாது" என்றார். ஆகவே அதுவும் விதியாயிற்று.

வகரப் புள்ளிக்கு மொழிக் குறி மட்டும் போதவில்லை, ஏனெனில் நூலகப் பட்டியலில் கிழக்கும் மேற்கும் பெரும்பாலும் 'க்ரீ' என்ற ஒரே குறியின்கீழ் வருகின்றன. பதிப்பித்த ஊரை வைத்துப் பிரிக்க முயன்றேன். மேற்குக் க்ரீ நூல்கள் பலவும் டொரன்டோவிலும் லண்டனிலும் அச்சானவை என்பதால் அது உதவவில்லை. கடைசியில் பதிவுக்குள்ளேயே சாட்சி தேடினேன். தலைப்பிலோ குறிப்பிலோ எங்காவது ஓரிடத்தில் 'வெஸ்ட்-க்ரீ' எண் இருந்தால் அந்த நூல் மேற்கு. இறுதி மெய்கள் கீற்றும் பிறையுமாக இருந்தாலும் மேற்கு. கிழக்கில் இறுதி மெய்க்கு 'அ' வரிசை எழுத்தையே சிறிதாக்கி மேலே வைப்பார்கள். இந்த இரண்டு அடையாளமும் இல்லாத, ஒற்றைச் சொல் தலைப்பு கொண்ட பதிவுகளில் மட்டும் இரண்டு வாசிப்பையும் அட்டவணையில் ஏற்றினேன். வாசகர் எதைத் தட்டினாலும் புத்தகம் வரும். சில நேரம் வேண்டாத இன்னொன்றும் கூடவே வரும், பாதகமில்லை.

நிறுத்தக்குறியை மட்டும் விதிக்குள் கொண்டுவரவில்லை. சொல்லின் கடைசியில் 166ஈ நின்றால் அது தவறாகத் தட்டிய 'ஹ்க்'கா, உண்மையான நிறுத்தக்குறியா என்பதை மொழி தெரிந்தவர்தான் சொல்ல முடியும்; தலைப்புக்குப் பின்னால் நிறுத்தக்குறி இடும் பழைய பதிப்பகங்களும் இருந்திருக்கின்றன. அத்தகைய பதிவுகளைப் பட்டியலிட்டு அதே ஊழியரிடம் கொடுத்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை எழுத்துப் பட்டியலைத் திறந்து, கண்ணுக்குச் சரியாகத் தெரிந்ததை நகலெடுத்து ஒட்டியதால் வந்தவை என்று அவர் கருதுகிறார். க்ரீக்கென்று அமைத்த விசைப்பலகையில் தட்டியிருந்தால் இந்தப் பிழைக்கு இடமே இல்லை. இப்போது ஃபர்ஸ்ட்வாய்சஸ் போன்ற செயலிகளில் பழங்குடி மொழிகள் பலவற்றுக்கும் தனித்தனி விசைப்பலகை கிடைக்கிறது, 'ஹ்க்' விசையை அழுத்துகிறவர் மற்ற மூன்று பெருக்கல் குறிகளைக் கண்ணால்கூடக் காண வேண்டியதில்லை. எங்கள் பதிவுப் பிரிவின் கணினிகளில் அதை நிறுவ அனுமதி கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். வெளியிலிருந்து வரும் மென்பொருள் எதையும் நிறுவப் பாதுகாப்புப் பிரிவின் ஒப்புதல் தேவை என்பதால் அது இன்னும் வரிசையில் இருக்கிறது. அதுவரை, பதிவு செய்பவர்களின் மேசையில் 157டி என்ற எண்ணை எழுதி ஒட்டிவைத்திருக்கிறோம்.